கோப்பை கல்லூரிக்கு! காயம் தொழிலாளி மகனுக்கா?

சாத்தாங்காடு இரும்புச் சந்தையில் வாரத்தில் ஆறு நாள் மனிதன் நிம்மதியாக நடக்க முடியாது. தகடும் கம்பியும் சுருளும் ஏற்றிய டிரெய்லர்கள் ஒருபுறம்; துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் மறுபுறம். ஜார்ஜ் டவுன் சந்துகளில் நெருக்கியடித்துக் கிடந்த இரும்பு வியாபாரத்தைச் சர்க்கார் இங்கே கொண்டுவந்து, 200 ஏக்கருக்கு மேல் இடமும் தந்தது. வியாபாரத்துக்கு இடம் கிடைத்தது. அந்த இரும்பைத் தோளில் சுமப்பவனின் பிள்ளை பந்து விளையாட எத்தனை ஏக்கர் கிடைத்தது?

ஞாயிற்றுக்கிழமை வந்து பாருங்கள், பதில் கிடைக்கும். கடைகள் மூடியிருக்கும். லாரிகள் ஓய்ந்திருக்கும் அந்த நாலு மணி நேரம் பையன்கள் தெருவையே மைதானமாக்கிக் கொள்கிறார்கள். இரண்டு செங்கல் வைத்தால் அதுதான் கோல் போஸ்ட். தரையில் கம்பித் துண்டு கிடக்கும், தகட்டுச் சீவல் கிடக்கும். முதலில் பெருக்குகிறார்கள், பிறகுதான் ஆடுகிறார்கள்.

இந்தத் தெருவில் ஆடி வளர்ந்த ஒரு வாலிபனின் கதையைச் சொல்லிவிட்டு மேலே போவோம். தகப்பனார் சந்தையில் சுமைதூக்கும் தொழிலாளி. பையனின் கால் வேகத்தைப் பார்த்து, நகரத்துத் தனியார் கல்லூரி ஒன்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் இடம் கொடுத்தது. கட்டணம் இல்லை, விடுதி இல்லத்தில் சாப்பாடு. குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் அவன்தான். இரண்டு வருஷம் ஆடினான். கல்லூரிகளுக்கிடையிலான இறுதிப் பந்தயத்தில் கோல் போட்டான். கல்லூரி வாசலில் அவன் படம் போட்ட பேனர் தொங்கியது. தெருவே டெம்போ பிடித்துப் போய் அதைப் பார்த்துவிட்டு வந்தது.

மூன்றாம் வருஷம் பயிற்சியின்போது முழங்கால் ஜவ்வு கிழிந்தது. ஆபரேஷன் செலவுக்குத் தகப்பனார் வட்டிக்கு வாங்கினார். அடுத்த பருவத்துக் கட்டணத்தைக் கட்டச் சொல்லிக் கல்லூரியிலிருந்து ஓலை வந்தது. கேட்கப் போன தாயாரிடம் அலுவலகம் சொன்ன பதில்: "விளையாடினால்தான் சலுகை, அம்மா. விதி அப்படி."

நம்மிடம் அந்தத் தாய் சொன்னாள்: "கோப்பை வந்த அன்னிக்கு வாசல்ல பேனர் வச்சாங்க அண்ணே. கால் போன அன்னிக்கு வாட்ச்மேன்கூட உள்ள விடல."

விதியாம்! யார் எழுதிய விதி? யாருக்காக எழுதிய விதி? இதைத்தான் நாம் கேட்கிறோம்.

விளையாட்டால் யாருக்கு என்ன லாபம்?

கல்லூரி விளையாட்டு எவ்வளவு முக்கியம் என்று இரண்டு இடத்தில் கேட்டுப் பாருங்கள்.

தெருவில் கேட்டால், "உயிர்" என்பான். கல்லூரிப் பெயர் எழுதிய பனியன் போட்டு ஒரு பையன் மைதானத்தில் இறங்கும்போது, அவனோடு அந்தத் தெருவும் கல்லூரிக்குள் நுழைகிறது. படிக்காத தாய் அந்தக் கல்லூரியின் பெயரைத் திருத்தமாகச் சொல்லக் கற்றுக்கொள்கிறாள். லோடுமேன் அரைநாள் கூலியை விட்டுவிட்டுப் பந்தயம் பார்க்கப் போகிறான். இந்தப் பாசத்துக்கு விலை கிடையாது.

நிர்வாகத்தைக் கேட்டால் அங்கேயும் "மிக முக்கியம்" என்றுதான் சொல்வார்கள். ஏன் முக்கியம்? ஏப்ரல், மே மாதங்களில் வரும் சேர்க்கை விளம்பரங்களைப் பாருங்கள். கோப்பையும் கையுமாகத் தாளாளர் நிற்பார். கல்லூரிகளுக்குத் தர மதிப்பெண் போடும் 'நாக்' கணக்கிலும் மாணவர்கள் விளையாட்டில் வாங்கிய பதக்கங்கள் சேர்க்கப்படுகின்றன. தரம் உயர்ந்தால் பெயர் உயரும். பெயர் உயர்ந்தால் கட்டணம் உயரும். ஏழைப் பையனின் வியர்வை இப்படித்தான் இன்னொருவர் பெட்டியில் பணமாகிறது.

எல்லாக் கல்லூரியும் இப்படித்தான் என்று நாம் சொல்லவில்லை. தன் சம்பளத்தில் பூட்ஸ் வாங்கித் தரும் உடற்கல்வி ஆசிரியர்கள் இருக்கிறார்கள். அடிபட்ட மாணவனைத் தோளில் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடுபவர்கள் இருக்கிறார்கள். ஆனால் ஏழையின் பாதுகாப்பு ஒரு நல்ல மனிதரின் கருணையில் தொங்க வேண்டுமா? உரிமையாக இருக்க வேண்டாமா?

மைதானம் எங்கே போயிற்று?

வடசென்னைக்குக் கல்லூரி விளையாட்டு புதிதல்ல. ஒரு காலத்தில் சென்னையின் பெரிய கல்லூரிகள் சில வடக்கேதான் இருந்தன. சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனில் இருந்தது. 1937-ல் தாம்பரத்துக்குப் போயிற்று. பச்சையப்பன் கல்லூரியும் ஜார்ஜ் டவுனில்தான் இருந்தது. 1940-ல் சேத்துப்பட்டுக்குப் போயிற்று. நெருக்கடியான கடைத்தெருவில் கல்லூரிக்கு இடம் போதவில்லை. மரமும் காற்றும் மைதானமும் தேவைப்பட்டன. போனது தவறென்று யார் சொல்வார்?

ஆனால் இந்த நியாயம் அங்கேயே மங்கிவிடுமா? கல்லூரிக்கு மைதானம் தேவை என்று 1937-லேயே தெரிந்திருந்தது. மீதி இருந்த மக்களுக்கு மட்டும் அது தேவையில்லையா? வடக்கே துறைமுகம் வளர்ந்தது. எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை வந்தது, உரத் தொழிற்சாலை வந்தது, அனல் மின் நிலையம் வந்தது, சாம்பல் குட்டை வந்தது, கன்டெய்னர் கிடங்கு வந்தது. கல்லூரி எப்போது வந்தது? பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராயா கல்லூரி 1950-ல் வந்தது. பெண்களுக்கான பாரதி மகளிர் கல்லூரி 1964-ல் வந்தது. லட்சக்கணக்கான உழைப்பாளிகள் வாழும் பகுதிக்குக் கல்லூரி ஒவ்வொன்றாக, எண்ணி எண்ணி வந்தது. கிடங்குக்கு நிலம் தேடியவர்கள் காட்டிய வேகத்தில் பத்தில் ஒரு பங்குகூடக் கல்லூரி மைதானம் தேடுவதில் காட்டவில்லை.

இருந்தும் இந்த மண் சும்மா இருந்ததா? சார்பட்டா பரம்பரை, இடியாப்ப நாயக்கர் பரம்பரை என்று குத்துச்சண்டையை வளர்த்தது துறைமுகத் தொழிலாளியும் மீனவனும்தான். வியாசர்பாடியைக் 'குட்டி பிரேசில்' என்கிறார்கள். அங்கிருந்து போன நந்தகுமார் சேகர் 2023-ல் டியூராண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால் அணிக்காக மோகன் பகானுக்கு எதிராக வெற்றிக் கோல் போட்டார். கல்கத்தாவே எழுந்து நின்றது. புதுவண்ணாரப்பேட்டை செரியன் நகரில் ஓர் ஆட்டோ ஓட்டுநரின் மகள் காசிமா, 2024-ல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பைக் கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்றார். கேரம் பலகைக்கு ஏக்கர் தேவையில்லை. நிலம் மறுக்கப்பட்ட மக்கள் இரண்டரை அடிப் பலகையில் உலகத்தை ஜெயித்துக் காட்டியிருக்கிறார்கள்!

இருக்கிற மைதானத்தையாவது விட்டுவைத்தார்களா? 2024 அக்டோபர் கடைசியில் சென்னை மாநகராட்சி மன்றம் ஒரு தீர்மானம் போட்டது. மாநகராட்சியின் 9 செயற்கைப் புல் கால்பந்து மைதானங்களைத் தனியாரிடம் விடுவது. ஆட வருகிறவர் தலைக்கு, மணிக்கு ரூ. 120 கொடுப்பது. கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு பையன் மாதத்தில் 26 நாள், நாளுக்கு ஒரு மணி நேரம் பழகினால் ரூ. 3,120. சுமைதூக்கும் தொழிலாளி வீட்டில் இது அரிசிப் பணம், வாடகைப் பணம். மக்கள் வரியில் போட்ட மைதானத்தில் மக்கள் பிள்ளை கால் வைக்கக் கூலி! எதிர்ப்பு கிளம்பியது. ஓரிரு நாளிலேயே தீர்மானம் வாபஸாயிற்று. குரல் எழுப்பினால் நடக்கும் என்பதற்கு இது சாட்சி. குரல் எழுப்பாவிட்டால் என்ன நடக்கும் என்பதற்கும் இதுவே சாட்சி.

அதே 2024-ல், ஆகஸ்ட் 31-லும் செப்டம்பர் 1-லும், தீவுத்திடலைச் சுற்றிக் கார்ப் பந்தயம் நடந்தது. சாலையை அதற்கென்று செப்பனிட்டார்கள், இரவைப் பகலாக்கினார்கள். ஜார்ஜ் டவுனிலிருந்து கூப்பிடு தூரம். வடசென்னைப் பையன்கள் வேலிக்கு வெளியே நின்று சத்தம் கேட்டார்கள். கார் ஓட இத்தனை செய்ய முடியுமானால், கால் ஓட ஒரு மைதானம் செய்ய முடியாதா?

அமெரிக்கா சொல்லும் பாடம்

"அமெரிக்காவைப் பாருங்கள், அங்கே கல்லூரி விளையாட்டு எப்படிக் கொழிக்கிறது" என்று சில மேதாவிகள் உபதேசிக்கிறார்கள். சரி, பார்ப்போம்.

அங்கே பேஸ்பால் என்றால் ஊருக்கே பித்து. 1950 முதல் ஒமாஹா நகரில் கல்லூரி பேஸ்பால் இறுதிப் பந்தயங்கள் நடக்கின்றன. தன் கல்லூரி அணிக்காக ஜனங்கள் நூற்றுக்கணக்கான மைல் காரோட்டி வருகிறார்கள். லூசியானா மாநிலப் பல்கலைக்கழகத்தின் மைதானத்தில் சாதாரணப் பந்தயத்துக்கே பதினாயிரம் பேர் கூடுவார்கள். ரசிகனுக்கு அவ்வளவு முக்கியம்.

நிர்வாகத்துக்கு? 2025 வரை இருந்த விதியைக் கேளுங்கள். அதிகப் பணம் கொட்டும் அமெரிக்கக் கால்பந்துக்கு மேல்தட்டுக் கல்லூரி ஒன்று 85 முழு உதவித்தொகை தரலாம். பேஸ்பால் அணி முழுவதற்கும் 11.7 மட்டுமே. ஆம், பதினொன்றே முக்கால்கூட இல்லை! அதை அணிப் பையன்கள் பங்கு போட்டுக்கொள்ள வேண்டும். மீதிப் பணம்? அப்பன் வீட்டிலிருந்து, அல்லது கடன்.

2020-ல் கொரோனா வந்தது. ஓஹையோவில் பௌலிங் கிரீன் பல்கலைக்கழகம் மே மாதத்தில் பேஸ்பால் அணியையே கலைத்தது. செலவு மிச்சமாம். பழைய வீரர்களும் அபிமானிகளும் கொதித்து எழுந்தார்கள். மூன்று வாரத்துக்குள் 15 லட்சம் டாலர் தர உறுதி திரட்டினார்கள். ஜூன் தொடக்கத்தில் அணி உயிர் பெற்றது. அணியைக் கொன்றது யார், காப்பாற்றியது யார்? விளையாட்டை நேசித்தவர்கள் ஜனங்கள். நிர்வாகத்துக்கு அது கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி.

இன்னொரு சங்கதி இதைவிடக் கொடியது. 1955-ல் ரே டென்னிசன் என்ற வாலிபர் கல்லூரிக் கால்பந்துப் பந்தயத்தில் தலையில் அடிபட்டு இறந்தார். தொழிலாளர் இழப்பீடு கேட்டு மனைவி வழக்குப் போட்டார். "கல்லூரி கால்பந்துத் தொழில் நடத்தவில்லை, ஆகவே இவர் தொழிலாளி அல்ல" என்ற அர்த்தத்தில் 1957-ல் கொலராடோ உச்ச நீதிமன்றம் கையை விரித்தது. 'மாணவ விளையாட்டு வீரர்' என்ற சொல்லை அந்நாட்டுக் கல்லூரி விளையாட்டுச் சங்கம் எதற்காகப் புழக்கத்தில் விட்டது? வீரர்களைத் தொழிலாளர் என்று யாராவது அறிவித்துவிடுவார்களோ என்ற பயத்தால்தான்! நாம் சொல்லவில்லை. அந்தச் சங்கத்தை 1951 முதல் 1987 வரை நடத்திய வால்டர் பையர்ஸ் 1995-ல் தன் புத்தகத்தில் தானே ஒப்புக்கொண்டார்.

பாருங்கள் தோழர்களே! வேலை வாங்கும்போது வீரன்; நஷ்ட ஈடு கேட்கும்போது மாணவன். சாத்தாங்காட்டுத் தாய்க்கு அலுவலகம் சொன்ன பதிலும் இதுதானே? காண்ட்ராக்ட் தொழிலாளியிடம், "நீ எங்கள் ஆள் இல்லை" என்று மணலியிலும் எண்ணூரிலும் சொல்லும் பதிலும் இதுதானே?

ஆனால் அங்கேயும் நிலைமை அப்படியே நிற்கவில்லை. 2024 மார்ச்சில் டார்ட்மவுத் கல்லூரியின் கூடைப்பந்து வீரர்கள் 13-க்கு 2 என்ற வாக்கில் தொழிற்சங்கத்தில் சேர முடிவெடுத்தார்கள். நிர்வாகம் பேச மறுத்தது. அவ்வருஷக் கடைசியில் மனு வாபஸ் பெறப்பட்டது. தோல்விதான்; ஆனால் கேள்வி எழும்பிவிட்டது. 2025 ஜூனில் நீதிமன்றம் ஏற்ற உடன்பாட்டின்படி அமெரிக்கக் கல்லூரிகள் இப்போது வீரர்களுக்கு நேரடியாகப் பணம் தரலாம். அறுபது, எழுபது வருஷம் "அவர்கள் மாணவர்கள், பணம் கேட்கக் கூடாது" என்று சாதித்தவர்கள் வழக்குகளின் முன் இறங்கி வந்தார்கள். கருணையால் அல்ல.

படிக்கட்டில் தொங்கும் பாசம்

ரசிகனின் பாசத்துக்கு மைதானம் இல்லாவிட்டால் அது எங்கே போகும்? நம் ஊர் பஸ்களைப் பாருங்கள். 'ரூட் தல' என்கிறார்கள். ஒரு கல்லூரி மாணவன் இன்னொரு கல்லூரி மாணவனை பஸ்ஸிலும் ரயிலிலும் அடிக்கிறான். 2024 அக்டோபரில் சென்னை சென்ட்ரலில் மாநிலக் கல்லூரியின் முதலாண்டு மாணவர் ஒருவர் வேறு கல்லூரி மாணவர்களால் தாக்கப்பட்டு, சில நாளில் உயிரிழந்தார். பத்தொன்பது வயது! அந்தக் கொலையை நாம் எள்ளளவும் நியாயப்படுத்தவில்லை. கத்தி தூக்கியவன் கல்லூரிக்கு அபிமானி அல்ல, எதிரி.

ஆனால் பெரிய பத்திரிகைகள் என்ன எழுதின? "இந்தப் பையன்களே இப்படித்தான்." அந்தப் பையன்கள் யார்? வடக்கிலிருந்தும் புறநகர்க் கிராமங்களிலிருந்தும் முதல் தலைமுறையாகப் படிக்க வரும் ஏழை வீட்டுப் பிள்ளைகள். தன் கல்லூரி பெரியது என்று சொல்லிக்கொள்ள அவனுக்கு ஆசை இருக்கிறது. அந்த ஆசை இயற்கை. வசதியான கல்லூரி மாணவனுக்கு அதைச் சொல்ல மைதானம் இருக்கிறது, கொடி இருக்கிறது, கலை விழா இருக்கிறது. இவனுக்கு இருப்பது பஸ் கூரை. பஸ் தினத்துக்கு உயர் நீதிமன்றம் தடை போட்டது. தடை தேவைதான். ஆனால் தடை போட்ட கையோடு பந்து ஒன்றும் கொடுத்தார்களா? பஸ் கூரையிலிருந்து இறக்கினால் போதாது, இறங்குகிறவன் நிற்க ஓர் இடம் வேண்டும்.

இரண்டு ஆட்சேபங்கள்

"ஏழைப் பிள்ளைக்கு விளையாட்டு எதற்கு? ஒழுங்காகப் படிக்கட்டும்" என்பார் ஒருவர். பள்ளியில் விளையாட்டு வகுப்பைக் கணக்கு ஆசிரியர் பிடுங்கிக்கொள்வதும் இந்த எண்ணத்தால்தான். ஐயா, பணக்காரப் பிள்ளைக்கு டென்னிஸ் வகுப்பும் நீச்சல் வகுப்பும் எதற்கு? அவன் ஆடினால் 'ஆளுமை வளர்ச்சி'. இவன் ஆடினால் 'வீண் பொழுது'! மணலிக் காற்றைச் சுவாசித்து வளரும் குழந்தைக்கு விளையாட்டு உடம்பைக் காக்கும் வழி. அரசு வேலையில் விளையாட்டு வீரருக்கு 3 சதவீதம் உண்டு. ரயில்வேயும் ஐ.சி.எஃப்.பும் வங்கிகளும் ஆட்டக்காரர்களை வேலைக்கு எடுத்து எத்தனையோ குடும்பங்களுக்கு விளக்கேற்றின. நிரந்தர வேலையே சுருங்கி எல்லாம் காண்ட்ராக்ட் ஆகிவரும்போது அந்தக் கதவும் சாத்தப்படுகிறது என்பதை மறக்கக் கூடாது.

நம் தோழர்களிலேயே சிலர், "பந்தயமும் ரசிகர் கூட்டமும் ஜனங்களை மயக்கும் சரக்கு, போராட்டத்தைக் கெடுக்கும்" என்கிறார்கள். மரியாதையோடு மறுக்கிறோம். மயக்குவது விளையாட்டு அல்ல, அதை விற்கிற கடைக்காரன். பதினொரு பேர் ஒருவனுக்காக ஒருவன் ஓடுவது ஒற்றுமையின் பள்ளிக்கூடம். சாதி கேட்டுப் பந்து கொடுப்பவன் தோற்றுப்போவான் என்பதைத் தெருப் பையன் மைதானத்தில்தான் கற்கிறான். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர உறக்கம், எட்டு மணி நேரம் நமக்கு என்று தொழிலாளி வர்க்கம் போராடியதே, அந்த மூன்றாவது எட்டு எதற்கு? இதற்கும்தான்!

நாம் கேட்பது என்ன?

ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் சேர்ந்த மாணவன் அடிபட்டாலும் அடிபடாவிட்டாலும் பட்டம் முடியும் வரை அவனுடைய சலுகை தொடர வேண்டும். சேரும் நாளிலேயே இதை எழுத்தில் தர வேண்டும்.

பயிற்சியிலும் பந்தயத்திலும் ஏற்படும் காயத்தின் முழுச் செலவும் கல்லூரியின் பொறுப்பு. அதற்கான இன்சூரன்ஸ் இல்லாத அணியைப் பல்கலைக்கழகம் போட்டியில் சேர்க்கக் கூடாது.

வடசென்னையின் ஒவ்வொரு அரசுக் கல்லூரிக்கும் உதவி பெறும் கல்லூரிக்கும் மைதானமும், நிரந்தர உடற்கல்வி இயக்குநரும் வேண்டும். மாணவிகளுக்குத் தனி நேரமும் உடை மாற்ற அறையும் வேண்டும்.

மாநகராட்சி மைதானம் எதுவும் எந்தப் பெயரிலும் தனியாருக்குப் போகக் கூடாது.

சாத்தாங்காட்டில் கிடங்குக்கும் லாரி நிறுத்தத்துக்கும் நிலம் ஒதுக்கிய சர்க்கார், அந்தச் சுற்றுவட்டாரத்திலேயே பிள்ளைகளுக்கு ஒரு முழு அளவு மைதானம் ஒதுக்க வேண்டும்.

இதில் எது பேராசை? எது நடக்க முடியாதது?

பெற்றோர்களே! மகன் கையெழுத்துப் போடும் முன் கல்லூரியிடம் கேளுங்கள்: "கால் போனால் என்ன செய்வீர்கள்?" மாணவர்களே! அணியில் ஒருவன் அடிபட்டு வெளியேற்றப்பட்டால், மீதிப் பத்துப் பேரும் பூட்ஸைக் கழற்றி வைத்துவிட்டு அலுவலக வாசலில் உட்காருங்கள். சங்கத் தோழர்களே! கூலி உயர்வுக் கோரிக்கையோடு மைதானக் கோரிக்கையையும் சேர்த்து எழுதுங்கள்.

அந்த வாலிபன் இப்போது இரும்புச் சந்தையில் எடை மேடையில் சீட்டு எழுதுகிறான். ஞாயிற்றுக்கிழமை நாலு மணிக்குச் சின்னப் பையன்களோடு தெருவைப் பெருக்க வருகிறான். ஆட முடியாது, விசில் ஊதுகிறான். அவனுக்குக் கல்லூரி மேல் கோபமில்லை. இன்னும் அந்தப் பழைய பனியனைத்தான் போட்டுக்கொண்டு வருகிறான். பாசம் அவனிடம் அப்படியே இருக்கிறது. அந்தப் பாசத்துக்குக் கடன்பட்டவர்கள் கணக்குத் தீர்க்கும் வரை நாம் கேட்டுக்கொண்டேயிருப்போம்.